அடைப்பு எடுக்கும் நேரம்: ரைஸ் மில் வேலையில் கவனிக்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்க ரைஸ் மில் இல்லாத வட்டாரம் கிடையாது. மில்லில் விபத்து என்றால் ஓடுகிற பெல்ட்டும் சுழல்கிற புல்லியும்தான் நினைவுக்கு வரும். ஓட்டம் சீராக இருக்கும்வரை எல்லோரும் ஒதுங்கித்தான் நடக்கிறோம். அடைப்பு எடுக்க, பெல்ட் மாற்ற, தொட்டி கழுவ என்று ஓட்டத்தை நிறுத்திவிட்டு உள்ளே கை வைக்கிறோமே, அந்த நேரம்தான் மிகவும் ஆபத்தானது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் எலிவேட்டர், அதாவது பெல்ட்டில் மாட்டிய கப்புகளால் நெல்லை மேலே தூக்கும் இயந்திரம். குறுவை அறுவடை பல வருஷம் மழையோடு மழையாக நடக்கிறது. ஈரக் களத்திலிருந்து வரும் நெல்லில் வைக்கோல் துணுக்கு, சேற்றுக் கட்டி, சாக்கு தைத்த சணல் நூல் எல்லாம் கலந்திருக்கும். இவை எலிவேட்டரின் அடிப்பெட்டியில் சேர்ந்து கப்புகளை இறுக்கிப் பிடிக்கும். மேலே நெல் போய்ச் சேரும் தொட்டி நிறைந்துவிட்டாலும், பெல்ட் தளர்ந்து புல்லியில் வழுக்கினாலும் இதே கதிதான். அடைக்கப் போகிறது என்பதை மோட்டாரின் ஆம்பியர் மீட்டர் முன்கூட்டியே காட்டிவிடும். முள் வழக்கத்தைவிட ஏறினால் உடனே உள்ளே வரும் நெல்லைக் குறைத்துவிடுங்கள்.

அடைத்தே விட்டால் பலரும் என்ன செய்கிறார்கள்? ஸ்டார்ட்டரை அமுக்கி மோட்டாரை நிறுத்துகிறார்கள், அடிப்பெட்டியின் மூடியைத் திறந்து கையால் நெல்லை வாருகிறார்கள். இதில் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: மாடியில் நிற்கிற டிரைவர், அதாவது மில்லை ஓட்டுபவர், கீழே ஆள் இருப்பது தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிடுவார். இரண்டாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. மேலேறும் பக்கத்துக் கப்புகளில் நெல் நிறைந்திருக்கும். இறங்கும் பக்கத்துக் கப்புகள் காலி. அடியில் இறுகியிருந்த நெல்தான் அந்தப் பாரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும். அதை வாரி எடுத்தவுடன் பெல்ட் தானாகவே பின்னோக்கி ஓடும். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, ஆனாலும் இரும்புக் கப் விரலை நறுக்கிவிடும். பின்னோட்டத்தைத் தடுக்கும் பூட்டு தலைப்பக்க ஷாப்டில் இருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று இன்றே ஏறிப் பாருங்கள்.

சரியான முறை இதுதான். முதலில் நெல் வரும் வழியை மூடுங்கள். பிறகு மோட்டாரை நிறுத்தி, மெயின் சுவிட்சை இறக்கி, பீஸ் கட்டைகளைக் கழற்றுங்கள். உள்ளே கை வைக்கப் போகிறவரே அவற்றைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரியிடமோ, மேசை மேலோ வைக்கக் கூடாது. சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட வசதி இருந்தால் பூட்டி, சாவியும் அவரிடமே இருக்கட்டும். அடுத்து ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். ஓடாது என்று கண்ணால் பார்த்த பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். ஏனென்றால் தவறான சுவிட்சை இறக்கிவிட்டு உள்ளே கை வைத்த சம்பவங்கள் உண்டு. பெல்ட்டைச் சங்கிலியால் கட்டியோ கட்டை கொடுத்தோ பின்னோடாமல் நிறுத்தி, பக்கவாட்டில் நின்று, நீளக் கைப்பிடி கொண்ட கொக்கியால் நெல்லை இழுத்தெடுங்கள். வேலை முடிந்ததும் மூடியைத் திருகி மாட்டி, ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, பீஸ் கட்டையைக் கழற்றியவரே திரும்ப மாட்டட்டும்.

இப்போது நம் மில்களில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்று தமிழில் மட்டும் எழுதிய பலகை அவர்களுக்கு எப்படி உதவும்? இந்தியிலும் எழுதி, கைப்படம் ஒன்றும் வரைந்து, சுவிட்சில் மாட்டுங்கள்.

உடையும் முக்கியம். தோள் துண்டு, தொங்கும் முந்தானை, தளர்ந்த கைலி எதுவும் ஷாப்ட் பக்கம் போகக் கூடாது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போடுகிற அக்காமார்கள் அதன் நுனியையும் செருகிக்கொள்ள வேண்டும். சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே அன்றைக்கே சொல்லிவிட்டது. எண்ணெய் போடக் கழற்றிய தடுப்பைத் திரும்ப மாட்டாத மில்கள் இன்றும் இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

நெல் அவிக்க நீராவி தரும் பாய்லரில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால், பதறிப்போய்ப் பம்பைப் போடாதீர்கள். காய்ந்து பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் ஒரே நொடியில் ஆவியாகிப் பாய்லரே வெடிக்கும். உமி போடுவதையும் காற்றாடியையும் நிறுத்திவிட்டு, ஆட்களை விலக்கி, தானாக ஆற விடுங்கள். பாய்லர் பார்ப்பவரைக் கூப்பிட்டுச் சோதிக்காமல் திரும்ப நெருப்புப் போடக் கூடாது.

உமிச் சாம்பலையும் சொல்ல வேண்டும். ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி, அதை எரித்தால் ஏறக்குறைய 40 கிலோ சாம்பல். தினம் குவிகிற அந்த மேடு மேலே சாம்பல் நிறமாகக் குளிர்ந்திருக்கும், உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வழி என்று நினைத்து மிதித்தால் முழங்கால்வரை புதையும். கொட்டும்போதே தண்ணீர் தெளித்து, மெல்லிய பரப்பாகப் பரப்பி, சுற்றிலும் வேலி கட்டுங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசையோ மையோ தடவக் கூடாது.

இனி, புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊற வைக்கும் ஊறல் தொட்டி. பச்சைத் தண்ணீரில் ஓரிரு நாள் நெல் ஊறும்போது தண்ணீர் புளிக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவைக் கக்கும். அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தொட்டியின் அடியிலேயே தங்கும், வாசனையும் கிடையாது. கழிவுநீர்த் தொட்டியில் இன்னும் மோசம்: அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வரும், அளவு கூடினால் மூக்கு மரத்து அந்த நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கக் கூடாது. விளக்கு இறக்கிப் பார்ப்பதும் போதாது, அது இந்த விஷவாயுவைக் காட்டாது. மூக்கில் ஈரத்துணி கட்டினாலும் இல்லாத ஆக்சிஜன் வந்துவிடாது.

கூடியவரை ஆள் இறங்காமலே அடி வால்வைத் திறந்து, வெளியிலிருந்து ஹோஸாலும் நீளச் சட்டுவத்தாலும் கழுவுங்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி, மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் பாருங்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. காற்று ஊதும் புளோவரின் குழாயை அடிவரை இறக்கி ஓட விடுங்கள், ஆள் உள்ளே இருக்கும்வரை அது நிற்கக் கூடாது. வெல்டிங் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் மட்டும் திறந்துவிடாதீர்கள், ஒரு பொறி போதும், உடுப்பே பற்றிக்கொள்ளும். இறங்குபவருக்கு உடம்பு முழுதும் பிடிக்கும் பட்டையும் கயிறும் வேண்டும். மேலே நிற்பவர் டீ குடிக்கக்கூட நகரக் கூடாது.

உள்ளே இருப்பவர் சாய்ந்துவிட்டால் யாரும் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போன அண்ணன், தம்பி, மேஸ்திரி என்று ஒருவர்பின் ஒருவராகப் பலர் போன துயரம் இப்படித்தான் நடக்கிறது. கயிற்றை இழுங்கள், புளோவரை நிறுத்தாதீர்கள், தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 அடியுங்கள். "தொட்டியில் வாயு தாக்கிவிட்டது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், அப்போதுதான் மூச்சுக்கருவியோடு வருவார்கள். வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள்.

நன்றி, வணக்கம்.