கல் ஓடியது

நேயர்களுக்கு வணக்கம். தை மாதத்தில் பறவை பார்க்கப் போகிறேன் என்றால் நம் ஊரில் உடனே கேட்பது, "கூந்தன்குளமா?" என்றுதான். இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்குகிற இடம். குறை சொல்ல முடியாது. ஆனால் என் கால் கிழக்கே, தாமிரபரணி கடலில் விழும் புன்னைக்காயல் பக்கம்தான் போகும்.

விடிந்ததும் கழிமுகத்துக்கு ஓடக் கூடாது. நம் கடல் கிழக்கில் இருக்கிறது. காலை வெயில் முகத்தில் அடிக்க, பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும். காலையில் உப்பளம், சாயங்காலம் கடற்கரை. இது புரியவே எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

போன தையில் அப்படித்தான் உப்பள வரப்பில் நின்றேன். ஈரச் சேற்றில் சின்னச் சின்னக் கற்கள், வேறொன்றுமில்லை. சட்டென்று ஒரு கல் ஓடியது. நாலடி ஓடி, நின்று, குனிந்து ஒரு கொத்து. உப்புக்கொத்தி! பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. குட்டை அலகு, பெரிய கண். மேலே ஊர்வதைப் பார்த்து ஓடிப் பிடிக்கும். பக்கத்திலேயே கொசு உள்ளான், தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே போகிறது. 30 கிராம் இருந்தால் அதிகம். சைபீரியாவின் வடகோடியில் பிறந்தது. ஆழத்தில் கிடக்கும் புழு, நீண்டு வளைந்த அலகுள்ள கோட்டானுக்கு (ஆந்தை இல்லை, இதுவும் ஒரு கரைப்பறவை). ஒரே சேற்றில் மூன்று பந்தி.

மன்னார் வளைகுடாவில் ஓதம், அதாவது கடல்மட்டம், ஒரு மீட்டர்கூட ஏறி இறங்குவதில்லை. அதனால் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் சேறு கொஞ்சம்தான். உப்பளப் பாத்திகளில் கணுக்கால் தண்ணீர் நாள் முழுக்க நிற்கிறதே, அதுதான் இவற்றுக்குச் சோறு போடுகிறது.

அளத்தில் வேலை செய்த அண்ணாச்சி ஒருவர் வந்தார். "என்னத்த பாக்கீய?"

"உள்ளான்ல எத்தன வகைன்னு பாக்கேன் அண்ணாச்சி."

"எல்லாம் உள்ளான்தான். எங்க அப்பா காலத்துல கண்ணி வச்சுப் பிடிப்பாவ."

1972-இல் வந்த வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். ருசியைப் பற்றி அவர் சொன்னதை வானொலியில் சொல்லப் போவதில்லை.

சாயங்காலம் புன்னைக்காயல் மணல்திட்டில் ஆலா என்கிற கடற்பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன, எல்லாம் காற்றைப் பார்த்து. நடுவில் சிவந்த தடித்த அலகோடு பெரிய ஆலா, கல்யாண வீட்டுத் தாய்மாமன் தோரணையில். ஓரமாக நின்ற உப்புக்கொத்திகளை எண்ண ஆரம்பித்தேன். 212 வரை வந்திருப்பேன், எங்கிருந்தோ ஒரு வல்லூறு பாய்ந்தது. திட்டு மொத்தமும் எழும்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, ஆற்றுக்கு அக்கரையில் போய் இறங்கியது.

நோட்டில் '212-க்கு மேல்' என்று எழுதிவிட்டு, ஆத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.