குழாயடியில் தொடங்குவோம்: வன்னி வளாகங்களுக்கு இலவசக் குடிநீர்

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

போத்தல் தண்ணீரை வளாகத்துக்குள் விற்கக் கூடாதென்று ஒரு தீர்மானம் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். அமெரிக்காவில் வேர்மண்ட் பல்கலைக்கழகம் 2013இல் அதைத்தான் செய்தது. பின்னர் கணக்கெடுத்துப் பார்த்தால், வளாகத்துக்குள் வந்த போத்தல்கள் தலைக்குக் குறையவில்லை, கூடியிருந்தன. தண்ணீர் வாங்கியவர்கள் இனிப்புப் பானத்துக்கு மாறிவிட்டார்கள். இத்தனைக்கும் அங்கே போத்தல் நிரப்பும் குழாய்கள் இருந்தன. ஆகவே தடையைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. ஒரு மாணவி தன் போத்தலை யோசிக்காமல் நிரப்பும் குழாய் எப்படி இருக்க வேண்டும் என்பதே என் பேச்சு.

வன்னியில் குழாய்த் தண்ணீரைச் சந்தேகிப்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. வவுனியாப் பக்கம் நிலத்தடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கி நிற்கும் தண்ணீரில் கல்சியமும் புளோரைட்டும் கரைந்து வருகின்றன. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு வன்னீரின், அதாவது கல்சியம் மிகுந்த தண்ணீரின், அடையாளம், எல்லோருக்கும் தெரியும். அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், வன்மையில் ஒரு பகுதி குறையும். புளோரைட்டு அப்படியே இருக்கும். ஆவி போகப் போகச் செறிவு கொஞ்சம் கூடவும் செய்யும்.

இலங்கையின் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614 லீற்றருக்குப் புளோரைட்டு 1 மில்லிகிராம், வன்மை 250, மொத்தக் கரைபொருள் 500 என்று எல்லை வைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புளோரைட்டு எல்லை 1.5. வெயில் நாட்டில் ஆள் ஒருவர் அதிகம் குடிப்பதால் எல்லையும் இறுக்கமாக இருக்க வேண்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் காணப்படும் சிறுநீரக நோயின் காரணம் இன்னும் தீர்க்கமாக நிறுவப்படவில்லை. "இந்தச் சுத்திகரிப்பு இயந்திரம் சிறுநீரக நோயைத் தடுக்கும்" என்று குழாயடியில் பலகை தொங்கவிடாதீர்கள்.

சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கும் முன் தண்ணீர்ப் பரிசோதனை. ஒரு தடவை போதாது. கோடை முடிவில், ஆவணி புரட்டாசியில், உப்பும் புளோரைட்டும் செறிந்திருக்கும். மாரியில் கிருமி ஏறும். இரண்டு காலத்திலும் எடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலையே பயன்படுத்துங்கள். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் கொடுங்கள். மொத்தக் கரைபொருளை அளக்கும் கையடக்க ரி.டி.எஸ். மீற்றரை வைத்துக்கொண்டு "தண்ணீர் நல்லது" என்று தீர்ப்புச் சொல்பவரை நம்பாதீர்கள். அந்தக் கருவி கிருமியையும் காட்டாது, புளோரைட்டைத் தனியாகவும் காட்டாது.

புளோரைட்டு எல்லை தாண்டினால், தண்ணீரை அழுத்தி மென்சவ்வு வழியே வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வேண்டும். மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, 5 மைக்ரோன் வடிகட்டி, உயர் அழுத்த மோட்டர், மென்சவ்வு, கிருமி கொல்லும் யூ.வி. (புற ஊதா) விளக்கு, தாங்கி என்பது வழமையான வரிசை. கரி வடிகட்டியின் வேலை சுவைக்காக மட்டுமல்ல. கிளோரின் பட்டால் மென்சவ்வு கெட்டுவிடும், அதைக் கரிதான் தடுக்கிறது. கரி தீர்ந்தது தெரியாமல் ஓட்டுவதால் கெட்ட இயந்திரங்கள் ஏராளம். வன்னீரில் மென்சவ்வின் மேல் கல் படியும், ஆகவே படிவு தடுக்கும் மருந்து சொட்டும் பம்பு கட்டாயம். 5 மைக்ரோன் வடிகட்டியின் இரு பக்கமும் அழுத்தமானி பொருத்துங்கள். அழுத்த வேறுபாடு 1 பார் (bar) அளவை நெருங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உள்ளே 800 ரி.டி.எஸ். போய் 40 வந்தால் சவ்வு 95 சதவீதம் தடுக்கிறது. வெளிவரும் அளவு மெல்ல மெல்ல ஏறினால் சவ்வு களைக்கிறது. ஒரே நாளில் எகிறினால் பெரும்பாலும் ரப்பர் வளையம் நழுவியிருக்கும். அதைப் பார்க்காமல் சவ்வை மாற்றச் சொல்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆர்.ஓ. தண்ணீரில் கிளோரின் மிச்சம் இராது. தாங்கியில் ஒரு பல்லி விழுந்தாலும் காக்க ஒன்றுமில்லை. குழாய் முனையில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை கிளோரின் நிற்கும்படி பாருங்கள். கிளோரின் இருந்தால் நிறம் காட்டும் டி.பி.டி. வில்லையைத் தண்ணீரில் போட்டு இளஞ்சிவப்பு நிறத்தை அட்டையோடு ஒப்பிடலாம், ஒரு நிமிட வேலை.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். பாதித் தண்ணீர் நல்லதாக வந்தால் மற்றப் பாதியில் உப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். புளோரைட்டு 1.6 இருந்த தண்ணீரின் கழிவில் 3க்கு மேல் இருக்கும். அதை மலசலகூடத் தொட்டிகளுக்கும் தரை கழுவவும் தனிக் குழாயில் விடுங்கள். கிணற்றடியில் விடாதீர்கள், மரக்கறிப் பாத்திக்கும் வேண்டாம். சிக்கனம் என்று நினைத்து மூலத் தாங்கிக்கே திருப்பி விடுவோரும் உண்டு. சுற்றச் சுற்ற உப்புக் கூடி, கடைசியில் சவ்வு அடைபடும்.

மழை நீரில் வன்னி வளாகங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் பம்பைமடுவிலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்களுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் அகன்ற கூரைகள் இருக்கின்றன. ஆயிரம் சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1400 மில்லிமீற்றர் மழை விழுந்து, ஐந்தில் நான்கு பங்கு பீலிக்கு வந்தால் 11 இலட்சத்து 20 ஆயிரம் லீற்றர். இரண்டாயிரம் பேர் இரண்டு லீற்றர் வீதம் 200 நாள் குடிக்க 8 இலட்சம் போதும். கணக்கு இனிக்கிறது, ஆனால் மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து முடிகிறது. கோடை முழுவதற்கும் சேமிக்க 50,000 லீற்றர்த் தாங்கிகள் பதினாறு கட்ட வேண்டும். ஒன்றிரண்டு கட்டி, கிணற்று நீரோடு கலக்கப் பயன்படுத்துவதே புத்தி. புளோரைட்டு 1.6 உள்ள நீரோடு சரிபாதி மழை நீர் சேர்த்தால் 0.8. கலந்த நீருக்கும் கிளோரின் கட்டாயம்.

முதல் மழையைத் தாங்கிக்குள் விடாதீர்கள். சதுர மீற்றருக்கு அரை முதல் ஒரு லீற்றர் வரை, ஆயிரம் சதுர மீற்றருக்கு 500 முதல் 1000 லீற்றர், வெளியே போகட்டும். பறவை எச்சமும் தூசியும் அதில்தான் வரும். தூளாகும் பழைய அஸ்பெஸ்டஸ் கூரையை விட்டுவிடுங்கள். வழியும் குழாய்க்கு நுளம்பு வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் டெங்குக்காகச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார். மூடியைக் கம்பியால் கட்டுங்கள், குரங்குகள் கழற்றிவிடும்.

இனிக் குழாயடி. ஆர்.ஓ. வாங்கப் பெருந்தொகை ஒதுக்கிவிட்டு இரண்டே குழாய் வைப்பதுதான் பொதுவான குறை. பதினைந்து நிமிட இடைவேளையில் 600 பேர் வருகிறார்கள் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 4 லீற்றர் வரும் குழாயில் 750 மில்லிலீற்றர்ப் போத்தல் நிரம்பப் பதினொரு விநாடி. ஆள் மாறும் நேரத்தோடு இருபது. ஒரு குழாய் 45 பேருக்குத்தான் வரும். ஆக 14 குழாய்கள், அதுவும் ஓரிடத்தில் அல்ல, விரிவுரை மண்டப வாசல்களிலும் நூலகத்திலும் விடுதியிலும் பிரித்து. குழாய் வாய்க்கும் தொட்டிக்கும் இடையில் 35 சென்ரிமீற்றர் இல்லாவிட்டால் ஒரு லீற்றர்ப் போத்தல் சரிந்தே நிற்கும். ஒரு குழாயாவது சக்கர நாற்காலியில் வருபவருக்கு எட்ட வேண்டும். சங்கிலியில் கட்டிய கோப்பை வேண்டாம்.

நண்பகலில் சுடு தண்ணீர் வரும் குழாயை எவரும் தேடி வரமாட்டார். கறுப்புத் தாங்கி மொட்டை மாடியில் வெயிலில் நிற்பதும், குழாய் கூரைமேல் ஓடுவதும் காரணம். தாங்கிக்குக் கூரை போடுங்கள், குழாயைச் சுவருக்குள்ளோ நிழலிலோ கொண்டுபோங்கள். கிளோரின் விரைவில் மறைந்துவிடுவதற்கும் அந்தச் சூடு ஒரு காரணம்.

ஆண்டு விடுமுறைக்கு இயந்திரத்தை அப்படியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். நின்ற தண்ணீரில் சவ்வின் மேல் பாசிபோல் கிருமிப்படலம் வளரும். ஒரு சில நாளுக்கொருமுறை அரை மணித்தியாலம் ஓட்டுவதற்கு ஆளை நியமியுங்கள், அல்லது வழங்குநரிடம் கேட்டுப் பாதுகாப்புத் திரவம் நிரப்புங்கள். திறக்கும் முன் தாங்கியைக் கழுவி, 30 சதவீதம் கிளோரின் உள்ள வெளிற்றும் தூளை ஆயிரம் லீற்றருக்கு 165 கிராம் கரைத்து, இரவு முழுவதும் வைத்து, வெளியேற்றி, புது நீரால் அலசுங்கள். திரவம் நிரப்பியிருந்தால் முதல் மணித்தியாலத்துத் தண்ணீரை வடிகாலுக்கு விடுங்கள். பழைய தூளின் வலு குறைந்திருக்கும், பொதியின் திகதியைப் பார்த்து வாங்குங்கள். பிறகு ஒரு கிருமிப் பரிசோதனை, முடிவைத் திகதியோடு குழாயடிப் பலகையில் ஒட்டுங்கள். அது வரும் வரை குழாய்களைக் கட்டி வையுங்கள்.