ஜோல்னாப் பையில் முதலில் பார்க்க வேண்டிய இடம்

நேயர்களுக்கு வணக்கம். தோளில் மாட்டும் பைகள் மீது எனக்குத் தீராத ஆசை. அதிலும் துணியில் தைத்த ஜோல்னாப் பை என்றால் சொல்லவே வேண்டாம். கதர்க் கடையிலோ கைவினைக் கண்காட்சியிலோ நல்ல பை ஒன்று தொங்கினால் கால் தானாக நின்றுவிடும். பலரும் நிறத்தையும் பூவேலையையும் பார்த்து வாங்குகிறார்கள். பைகளைச் சேர்க்க விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பட்டையை, அதுவும் அது பையோடு சேரும் இடத்தை.

மலிவான பையில் பட்டையின் நுனியை வாய் ஓரத்துக்குள் ஓர் அங்குலம் விட்டு, மேலே ஒரு தையல் ஓட்டியிருப்பார்கள். நாலைந்து புத்தகங்களின் பாரம் முழுவதும் அந்த ஓர் அங்குலத்தில் தொங்கும். சில மாதங்களில் ஊசி துளைத்த வரியிலேயே துணி கிழியும். தையல் பிரிந்தால் திரும்பத் தைக்கலாம், துணி கிழிந்தால் ஒட்டுப் போடத்தான் வேண்டும்.

நல்ல பையில் பட்டை வாயோடு நிற்காது. இரண்டு பக்கமும் அடிவரை இறங்கி, பையின் பக்கச் சுவராகவே ஆகிவிடும். பர்மாவின் ஷான் இன மக்களுடைய பைகளில் இதை அழகாகப் பார்க்கலாம். இரண்டே துண்டுத் துணி. அகலத் துண்டு நடுவில் மடிந்து முன்பக்கமும் பின்பக்கமும் ஆகிறது. நீளமான குறுகல் துண்டு பக்கங்களாக ஏறித் தோளைச் சுற்றி வருகிறது. அதன் நுனி இழைகள் அடி மூலைகளில் குஞ்சமாகத் தொங்கும். பாரம் பக்கத் தையல் நெடுகப் பரவிவிடுவதால் எந்த ஓர் இடமும் தனியாக இழுபடுவதில்லை.

இப்படி ஒன்று தைக்கக் கொடுப்பதானால் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உடலுக்கு 36 செ.மீ. அகலம், 84 செ.மீ. நீளம். இரண்டு வாய் ஓரத்திலும் நாலு நாலு செ.மீ. மடித்துத் தைத்தால் ஆழம் 38 செ.மீ. வரும். பட்டைக்கு 18 செ.மீ. அகலத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்தால் 8 செ.மீ. கிடைக்கும். நீளம் 180 செ.மீ. வேண்டும். அதில் பக்கங்களுக்குப் போக ஒரு மீட்டர் தோளுக்கு நிற்கும். குறுக்காக மாட்டும் பழக்கமுள்ளவர்கள் இன்னும் 25 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

பட்டைத் துணியைப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், போகும் திசையில்தான் வெட்ட வேண்டும். பாவு நூல் தறியில் இழுவிசை தாங்கியே வந்தது, அதனால் அவ்வளவாக நீளாது. துணியை மிச்சம் பிடிக்க ஊடைத் திசையில், அதாவது குறுக்கு நூல் போகும் பக்கமாக, வெட்டினால் பை நாளடைவில் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கிவிடும். கடையில் இதைக் கண்டுபிடிக்க, பட்டையை இரண்டு கையாலும் பிடித்து நன்றாக இழுங்கள். விட்டதும் பழைய நீளத்துக்கு வர வேண்டும். குறுகலாகவே நெய்து இருபுறமும் கரை விட்ட பட்டை கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், ஓரம் பிசிறவே பிசிறாது.

அடுத்து, பையை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். வெட்டு ஓரம் வெளியே தெரியாமல் உள்ளே மடித்து இரண்டு வரி தையல் ஓட்டியிருக்க வேண்டும். அங்குலத்துக்கு எட்டிலிருந்து பத்துத் தையல் போதும். நெருக்கிப் போட்டால் உறுதி என்று நினைக்கிறோம். ஆனால் துளைகள் கூடக்கூடத் துணி பலவீனமாகிறது. பட்டை வாயைத் தாண்டும் இடத்தில் மட்டும் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டிருந்தால் தையல்காரர் விஷயம் தெரிந்தவர்.

ஊட்டியில் தோடர் பூவேலை செய்த பைகள் கிடைக்கும். அந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் படம் வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்பும் கோத்துத் தைக்கிறார்கள். அசலா என்று அறிய உள்பக்கத்தைப் பாருங்கள். இயந்திர வேலை என்றால் பின்னால் பெரும்பாலும் வெள்ளை அடிநூல் தெரியும். அச்சடித்தது என்றால் கோடு இழையோடு ஒட்டாமல் விலகி ஓடும். பூவேலை அற்புதமாக இருந்து பட்டை சொத்தையாக இருக்கும் பைகளும் உண்டு. அப்படிப்பட்டதைப் பட்டை மாற்றும் எண்ணத்தோடு வாங்கலாம். பவானி ஜமக்காளத் துணி உடலுக்கு மிக உறுதி, தோளுக்கோ முரடு, அதனால் பட்டைக்கு வேறு துணி வைப்பது நல்லது. அந்தத் துணியின் மூலை மடிப்பில் வீட்டு மெஷினின் சாதாரண ஊசி முறியும், 18-ஆம் நம்பர் ஊசி போட வேண்டும்.

துவைக்கும் முன் ஈர வெள்ளைத் துணியால் உள்மூலையில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். போனால் தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். சாயம் ஏறி முடிந்த துணிக்கு உப்புத் தண்ணீர் பெரிதாக உதவாது. காயப்போடும்போது பட்டையில் தொங்கவிடாதீர்கள், தண்ணீரின் கனத்தில் பட்டை நீண்டுவிடும். வாய் ஓரத்தில் கிளிப் மாட்டி நிழலில் உலர்த்துங்கள். காந்தப் பொத்தான் வைத்த பை என்றால் அந்த இடத்தைத் துண்டால் ஒற்றி எடுங்கள், உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்துக் கறை விடும்.

சேர்த்து வைக்கும் பையில் கஞ்சி இருக்கக் கூடாது. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி பிடித்த உணவு. ஒருமுறை அலசிக் கஞ்சியைப் போக்கி, நன்றாக உலர்ந்த பிறகு பழைய வேட்டித் துணியில் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் உறை மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சை வரவழைக்கும். வசம்போ வேப்பிலையோ வைப்பவர்கள் தனி முடிப்பாகக் கட்டி வையுங்கள், இலை நேரே பட்டால் கறை.

தினமும் எடுக்கும் பையில் தோளில் படும் இடம்தான் முதலில் தேயும். வெளிச்சத்தில் பிடித்து, இழைகளுக்கிடையே ஒளி தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தெரிய ஆரம்பித்ததும், ஓட்டை விழும் முன்பே, பாவுத் திசையில் வெட்டிய 20 செ.மீ. துண்டைப் பட்டையின் அடிப்பக்கம் வைத்துப் பருத்தி நூலால் கைத்தையல் போடுங்கள். துண்டின் இரு நுனியும் தேய்ந்த இடத்தைத் தாண்டி, நல்ல துணியில் மூன்று விரல் அகலம் உட்கார வேண்டும்.