படுக்க ஓரிடம்

வணக்கம். இருபது வருடமாக வன்னிப் பாடசாலைகளில் சித்திரம் படிப்பிக்கிறவள் நான். சித்திரக்கதைகளைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். வந்திருக்கிறேன். சித்திரக்கதை ரசிகர்கள் கூடும் விழாவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை போனால் அன்றிரவு அந்தப் பிள்ளை எங்கே படுப்பது? அதைத்தான் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய கதை இது. கொழும்பில் ஒரு விழா, சனியும் ஞாயிறும். என்னுடைய உயர்தர வகுப்புப் பெண் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து 24 பக்கத்தில் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் செய்திருந்தார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற நாளில், காணாமல் போன பசு மாட்டைத் தேடிப் போகிற ஒரு தங்கச்சியின் கதை. போட்டோக்கொப்பிக் கடையில் 60 பிரதி அடித்து, நூல் கோத்து நாங்களே தைத்தோம். விழாவில் ஒரு மேசை கேட்டு எழுதினோம், கிடைத்தது. அந்த மின்னஞ்சலைப் பிள்ளைகள் எத்தனை தரம் வாசித்தார்கள் என்று சொல்ல முடியாது. மேசைக் காசு, நுழைவுச்சீட்டு, பஸ் காசு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். சமாளிக்கலாம் போல இருந்தது. அதன் பிறகுதான் அறைக் காசைக் கூட்டினோம்.

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ் ஏறினால் விடிய வெள்ளவத்தையில் இறங்கலாம். ஒருநாள் விழா என்றால் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போய், அன்றிரவே பஸ் ஏறிவிடலாம். இரண்டு நாள் விழாவுக்கு நடுவில் ஓர் இரவு கிடக்கிறது. கொழும்பில் வீடு உள்ள பிள்ளைக்கு அந்த இரவு கணக்கிலேயே வராது. எங்கள் கணக்கிலோ முழுச் செலவில் பாதியை அந்த ஓர் இரவு தின்றது.

எங்கள் ஒருவரிடமும் கடனட்டை இல்லை. ரொறன்ரோவில் இருக்கிற என் தமையனின் மகன் வேலை முடிந்து வந்து, இணையத்தில் தேடி, மூன்று மூன்று கட்டில் உள்ள இரண்டு அறை பிடித்துத் தந்தான். பதிவு உறுதி என்று மின்னஞ்சல் வந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெற்றோருக்குக் காட்டினேன். விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இன்னொரு மின்னஞ்சல். கணினியில் நடந்த தவறு, உங்கள் பதிவு ரத்து, காசு திரும்பி வரும் என்று மூன்று வரி. அன்று பின்னேரமே அதே தளத்தில் அதே இரண்டு அறையும் இருந்தன. விலை மட்டும் இரண்டரை மடங்கு. வேறு அறையாக இருக்குமோ என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே பச்சைத் திரைச்சீலை, சுவரில் அதே கப்பல் படம்.

பிறகு தொலைபேசியில் தேடத் தொடங்கினேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை என்று கேள்விப்பட்ட லொட்ஜ்களுக்கெல்லாம் எடுத்தேன். ஒன்றில் இடமில்லை. ஒன்றில் இடம் இருக்கிறது, ஆனால் முற்பணம் நேரில் வந்து கட்ட வேண்டும். ஒன்றில் “எந்த ஊர்? எத்தனை பேர்? பொம்பிளைப் பிள்ளையளோ? எல்லாருக்கும் ஐடி இருக்கோ?” என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். ஒரு பிள்ளைக்கு அடையாள அட்டை இன்னும் வந்திருக்கவில்லை. அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் குரல் மாறிவிட்டது.

புத்தகத்தின் முதல் நாலு பக்கத்தையும் வரைந்த பிள்ளையின் தகப்பனிடம் போனேன். வளவில் நின்ற வேம்புக்குக் கீழே கதிரை போட்டு இருத்தினார்.

“ரீச்சர், நீங்கள் கூட்டிக்கொண்டு போறதில எனக்கு ஒரு பயமும் இல்லை. பிள்ளையளை எங்க படுக்க வைக்கப் போறியள்?”

“ஒரு லொட்ஜ் பாக்கிறன் அண்ணை.”

அந்தச் சொல் விழுந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நான் அந்தச் சொல்லை யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். 2007 ஜூன் 7 ஆம் தேதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கடவுச்சீட்டு அலுவலாகப் போயிருந்தவர், சாரத்தோடு வவுனியாவில் இறக்கிவிடப்பட்டவர். மகள் அதற்குச் சில மாதம் கழித்துப் பிறந்தவள். அவளுக்குக் கொழும்பு என்றால் சித்திரக்கதை விழா. அவருக்குக் கொழும்பு என்றால் அந்த விடியப்புறம். அறை உறுதியென்று அச்செடுத்த தாள் என் கையில் இருந்திருந்தால் அவர் விட்டிருப்பார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தத் தாளைத்தானே ரத்துச் செய்துவிட்டார்கள்.

நாலு பிள்ளைகளோடு போனோம். கொட்டாஞ்சேனையில் என் பழைய மாணவி ஒருத்தியின் பெரியம்மா, “பாய் இருக்கு, ஃபான் இருக்கு, வாங்கோ” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டா. சனி இரவு விறாந்தையில் வரிசையாகப் படுத்தோம். வீட்டாரைக் கனநேரம் விழித்திருக்க வைக்கக் கூடாதென்று ஆறு மணிக்கே மண்டபத்தை விட்டுக் கிளம்பினோம். பாத்திரங்களாக உடுத்தி வருகிறவர்களுக்கான மேடைப் போட்டி அதன் பிறகுதான் தொடங்கியது. பிள்ளைகள் கைபேசியில் யாரோ போட்ட காணொளியில் அதைப் பார்த்தார்கள். ஞாயிறு முடிய 41 புத்தகம் விற்றிருந்தது. ஐந்தாவது கதிரை இரண்டு நாளும் வெறுமையாக இருந்தது. பிள்ளைகள் அதில் பை வைக்கக்கூட விடவில்லை.

இந்தச் சங்கடம் எங்களுக்கு மட்டும் உரியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிறகு தேடி வாசித்தேன். உலகத்தின் பெரிய விழாக்களுக்குப் போகிறவர்களும் இதே இடத்தில்தான் முட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்து கொமிக் கொன் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 ஆகஸ்டில் அதன் முதல் மூன்று நாள் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர். ஒரு ஹொட்டேலின் கீழ்த்தளத்துக்குள் அடங்கிய கூட்டம். இப்போது ஒவ்வொரு ஜூலையிலும் 130,000 பேருக்கு மேல் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாலைந்து இரவுக்கு அறை வேண்டும், எல்லோருக்கும் மண்டபத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வேண்டும். அதனால் அமைப்பாளர்கள் ஹொட்டேல்களோடு முன்கூட்டியே விலை பேசி, அறைகளைக் கூட்டமாக ஒதுக்கி வைக்கிறார்கள். ரசிகர் தங்களுக்கு விருப்பமான ஹொட்டேல்களை வரிசைப்படுத்திப் படிவம் அனுப்ப வேண்டும். பிறகு நடப்பது கிட்டத்தட்டக் குலுக்கல். விழுந்தால் சில நாளுக்குள் முற்பணம் கட்ட வேண்டும். விழாவுக்கே சீட்டுக் கிடைத்து, அறை விழாமல் தவிக்கிறவர்கள் வருடா வருடம் உண்டு. ஹொட்டேல்கள் விலையை ஏற்றிக்கொண்டே போனால் இந்த நகரத்தை விட்டு வேறிடம் பார்க்க வேண்டி வரலாம் என்று அமைப்பாளர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இண்டியானாபொலிஸில் நடக்கிற ஜென் கொன் என்ற, மேசையில் வைத்து ஆடுகிற விளையாட்டுகளின் ரசிகர் விழாவில் வேறொரு முறை. 1968 இல் தொடங்கிய விழா அது. விழாச் சீட்டை வாங்கியவருக்கு, அறை பதிகிற தளத்துக்குள் நுழைய ஒரு நேரம் எழுந்தமானமாகக் கிடைக்கும். முந்திய நேரம் கிடைத்தவருக்கு மண்டபத்தோடு ஒட்டிய ஹொட்டேல், பிந்தியவருக்கு நகரத்துக்கு வெளியே. அட்லாண்டாவின் டிராகன் கொன் விழாவோ ஹொட்டேல்களுக்குள்ளேயே நடக்கிறது. அங்கே அறை என்பது விழாவின் ஒரு துண்டு. அடுத்த வருடத்து அறைகள் பதிவுக்குத் திறந்த கையோடு போய்விடும்.

ஏன் இப்படி முட்டுகிறது? கட்டில் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் கவனித்தேன். பயத்தில் ஒருவரே இரண்டு மூன்று அறையைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். தண்டமில்லாமல் விடக்கூடிய கடைசி நாள் வரைக்கும் எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கிறார். அதுவரை அறை இல்லை, இல்லை என்றிருக்கும். அந்த நாள் நெருங்கும்போது திடீரென்று நிறைய அறை வெளியில் வரும். பக்கத்தில் இருக்கிறவர் அதுவரை பொறுக்கலாம். தூரத்திலிருந்து வருகிறவர் அதற்குள் பஸ் சீட்டையும் விட்டு, ஆசையையும் விட்டிருப்பார். அறையை விற்கிறவரும் இதையேதான் மறுபக்கத்திலிருந்து செய்கிறார். விழாத் தேதி தெரியாத நேரத்தில் மலிவாகக் கொடுத்துவிட்டு, தெரிந்ததும் அந்தப் பதிவைக் கழற்றிவிட ஒரு சாட்டுத் தேடுகிறார். எனக்கு நடந்தது அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். விழாவுக்கு அழைக்கிறவர் படுக்கைக்கும் பொறுப்பு. நுழைவுச்சீட்டை மலிவாக வைத்துவிட்டு, எல்லோரும் வாருங்கள், கதவு திறந்திருக்கிறது என்று சொன்னால் போதாது. இரண்டாம் நாள் காலையில் யார் யார் மண்டபத்துக்குள் நிற்பார்கள் என்பதை அந்த நடு இரவுதான் தீர்மானிக்கிறது.

மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலைப் பாருங்கள். ஆகஸ்ட் 15 ஆம் தேதிப் பெருநாளுக்குக் காட்டுக்கு நடுவில் ஒரு நகரமே எழும்புகிறது. கொடியேறிய நாளிலிருந்து சனம் வந்துகொண்டே இருக்கும். தமிழ்ச் சனம், சிங்களச் சனம், கத்தோலிக்கர், சைவர். மரத்துக்கு மரம் கொட்டில், தறப்பாள், அடுப்பு. பெருநாளுக்குக் கன நாள் முந்தியே மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் போட்டுக் கதைக்கிறார்கள். தண்ணீர் எங்கே, மலசலகூடம் எத்தனை, பஸ் எந்நேரம், வைத்தியர் எங்கே இருப்பார் என்று. பூசை நேரத்தைக் குறிக்கிற அதே கவனத்தோடு படுக்கையையும் குறிக்கிறார்கள். சின்ன வயதில் அம்மாவோடு போய் அந்த மரங்களுக்குக் கீழே படுத்திருக்கிறேன். பக்கத்துக் கொட்டில் சிலாபத்துக் குடும்பம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. விடிய அவர்கள் அடுப்பில்தான் எங்கள் தேத்தண்ணி கொதித்தது. 1990 க்குப் பிறகு ஆயிரக்கணக்கான இடம்பெயர்ந்த சனம் வந்து ஒதுங்கியதும் அதே மரங்களுக்குக் கீழேதான்.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவுக்குள்ளால் வரும்போதும் அப்படித்தான். எந்தக் கோயிலில் இரவு, எந்த ஊரில் சாப்பாடு என்று நடக்கிறவருக்கும் தெரியும், ஊராருக்கும் தெரியும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறவர் எவரும் அறை கேட்டு அலைந்ததை நான் கண்டதில்லை. நந்திக்கடல் பக்கத்து மணலில் பாயை விரித்தால் அதுதான் இடம்.

நகரத்து மண்டபத்தைச் சுற்றி மணல் கிடையாது, தெரியும். பதினெட்டு வயதுப் பெண் பிள்ளைகளை வெட்டவெளியில் படுக்க வைக்கவும் நான் கேட்கவில்லை. ஆனால் சனி, ஞாயிறில் பூட்டிக் கிடக்கிற பாடசாலை விடுதிகள் நகரத்தில் இல்லையா? தேதியை அறிவிக்க முதல் பத்து அறையையாவது எழுத்தில் விலை குறித்து வாங்கி, தூர மாவட்டத்திலிருந்து மேசை கேட்டு எழுதுகிறவர்களுக்கு மேசையோடு சேர்த்துக் கொடுக்க முடியாதா? சனிக்கிழமை மேடைப் போட்டியைப் பின்னேரம் நாலு மணிக்குக் கொண்டுவர ஒரு சதமும் செலவில்லை. இதையெல்லாம் அந்த அமைப்பாளர்களுக்கு எழுதினேன். யோசிக்கிறோம் என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் எல்லோரும் கொழும்பில் வீடு உள்ளவர்கள். அந்த இரவு அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை.

அந்த ஐந்து பிள்ளைகளும் இப்போது பாடசாலையை விட்டுவிட்டார்கள். போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரிக் கொப்பியும் பேனையுமாக. கிளிநொச்சியிலேயே ஒரு சித்திரக்கதைக் கூட்டம் வைக்கப் போகிறார்களாம், வருகிற பாடசாலை விடுமுறையில், இரண்டு நாள். திருகோணமலை, மட்டக்களப்பு, மலையகம் வரைக்கும் அழைப்பு அனுப்பும் எண்ணம். மண்டபம் கேட்டாயிற்றா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம். கொப்பியைத் திறந்து காட்டினார்கள். முதல் பக்கத்தில் வீடுகளின் பட்டியல். யார் வீட்டில் எத்தனை பேர் படுக்கலாம், நுளம்பு வலை உண்டா, பெண்களுக்குத் தனி அறை உண்டா, பஸ் தரிப்பிடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கோடு போட்டு எழுதியிருந்தார்கள். பதினொரு வீடு சேர்ந்திருந்தது. முதலாவது வரியில் இருந்தது வேம்பு நிற்கிற அந்த வளவு. தகப்பன் தானாகவே ஆறு பேருக்கு என்று சொல்லியிருக்கிறார்.

ஐம்பது பேர் வருவார்கள் என்று பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள். பதினொரு வீடு காணாது. பரந்தனிலோ, கரைச்சியிலோ, உருத்திரபுரத்திலோ இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இரண்டு பேருக்காவது இடம் கொடுக்க முடியுமென்றால் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள், அவர்கள் எங்களுக்குச் சொல்லுவார்கள். கிணறு கிட்ட இருக்கிற வீடு என்றால் அதையும் சொல்லுங்கள். விடியவே எழும்பிக் குளித்துவிட்டு வரைய உட்கார வேண்டும் என்கிற பிள்ளைகள் வருவார்கள்.

வணக்கம்.