வயதும் சிறுநீரக நீர்க்கட்டியும்

(பாம்பனில் மீன்பிடித் தடைக்காலத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கிற இந்த 61 நாளில்தான் நம் பக்கத்து ஆண்கள் உடம்பைக் காட்ட வருகிறார்கள். கல்லடைப்பாக இருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கிறார்கள். கல் இருக்காது. ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும்: வலது கிட்னியில் சிம்பிள் கார்டிகல் சிஸ்ட், 22 மில்லிமீட்டர். அதாவது, கிட்னியின் வெளிப்பகுதியில் ஒரு சாதாரண நீர்க்கட்டி. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. கட்டி என்றால் புற்றுநோய், கிட்னி என்றால் டயாலிசிஸ் என்று மனசு ஓடுகிறது.

இன்று அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நுண்குழாய். வயதாக ஆக ஏதோ ஒரு குழாயின் சுவர் தளர்ந்து வெளிப்பக்கம் புடைக்கிறது. பிறகு குழாயிலிருந்து பிரிந்து, தெளிந்த நீர் நிறைந்த தனிப்பையாகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். முப்பது வயதுக்குள் இது அரிது. ஐம்பதைத் தாண்டினால் பத்தில் ஒருவருக்கு, எழுபதைத் தாண்டினால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அல்ட்ராசவுண்டிலேயே தெரியும். சிடி ஸ்கேன் சின்னக் கட்டிகளையும் பிடித்துவிடும் என்பதால் அதில் எண்ணிக்கை இன்னும் கூடும். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். சிறுநீரகம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இது புற்றுநோயாக மாறும் கட்டி அல்ல.

'சாதாரணக் கட்டிதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று கேட்பீர்கள். ஒலியை அனுப்பி மீனைக் காட்டுகிற எக்கோ சவுண்டரைப் படகில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெறும் தண்ணீர் திரையில் எதையும் காட்டாது. மீன் கூட்டமும் கடல் தரையும்தான் ஒலியைத் திருப்பி அனுப்பும். ஸ்கேனும் அப்படித்தான். நீர் மட்டுமே உள்ள பை முழுக்கக் கறுப்பாக, உருண்டையாக, மெல்லிய சுவரோடு தெரியும். உள்ளே தடுப்பு, தடித்த சுவர், சதைப்பகுதி ஏதாவது தெரிந்தால் கதை வேறு. அப்போது சிடி எடுத்து, போஸ்னியாக் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் 1986-இல் வகுத்த முறைப்படி தரம் பிரிப்போம். ஒன்றும் இரண்டும் என்றால் பயமில்லை. மூன்று, நான்கு என்றால் தள்ளிப் போடாமல் சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு கிட்னியிலும் ஏராளமான கட்டிகள், அதுவும் இளம் வயதில், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கிட்னி செயலிழந்த வரலாறும் உண்டு என்றால் அது பரம்பரை நோயாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அந்தக் குடும்பத்தில் எல்லோரும் பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணக் கட்டிக்கு மருந்து வேண்டாம். கட்டியைக் கரைக்கும் மருந்து என்று எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்கிற பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நல்ல கிட்னியை அது கெடுத்துவிடக்கூடும். எனக்கு மனசு பதறுவது அங்கேதான். கட்டி மிகப் பெரிதாகி விலாவில் வலித்தாலோ, சிறுநீர்ப் பாதையை அடைத்தாலோ மட்டும் ஊசியால் நீரை எடுத்து மருந்து செலுத்துவோம், இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழி அறுவையில், சரிசெய்வோம். சிறுநீரில் இரத்தம் வந்தாலும், காய்ச்சலோடு விலா வலித்தாலும் காத்திருக்காதீர்கள்.

சரி, கிட்னியை உண்மையில் கெடுப்பது எது? சர்க்கரையும் பிரஷரும். அப்புறம், வலை இழுத்த இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்குகிற வலி மாத்திரை. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிடந்த உடம்புக்கு அந்த மாத்திரை இன்னும் கெடுதல். உப்பளத்தில் நிற்பவர்களும், பாசி எடுக்கக் கடலில் இறங்கும் அக்காமார்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் கொண்டுவந்தவர்கள் இருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். மற்றவர்கள் பிரஷர் பார்த்துவிட்டுப் போங்கள்.