சிரிப்பு வாயுவும் குஞ்சப்பனைச் செக்போஸ்டும்

தலைவர் அவர்களே, ஊர்க் கவுடர் அவர்களே, இந்த மழையிலும் கட்டபெட்டிலிருந்து வந்திருக்கும் வியாபாரிகள் சங்கத்தாரே, மைக்செட் கொடுத்த டீக்கடை அண்ணா (யாரையாவது விட்டிருந்தால் அப்புறம் திட்டிக்கொள்ளுங்கள்), எல்லோருக்கும் வணக்கம். போதைக்காக இழுக்கிற சிரிப்பு வாயுவைப் பற்றி மூன்று விஷயம் பேசுகிறேன்: நரம்பு, சட்டம், நம் பிள்ளைகள். தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்று எல்லா மேடையிலும் சொல்கிறவன் நான். கோத்தகிரியை மட்டும் விடுவேனா?

இங்கே ஒரு காட்டேஜ் வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமை கும்பல் காலி செய்த பிறகு புல்தரையில் விரல் நீள வெள்ளிக் குப்பிகளை வாளி நிறையப் பொறுக்கி, பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் எட்டிப் பார்த்தார், "ஐயோ குண்டு!" என்று தராசைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார். இவரும் பின்னாலேயே ஓடினார், வாளியோடு! அவர் ஏன் இன்னும் வேகமாக ஓடுகிறார் என்று இவருக்குப் புரியவில்லை. கடைசியில் பேக்கரி மாஸ்டர்தான் ஒன்றை உருட்டிப் பார்த்து, "கிரீம் அடிக்கிற கேஸ்யா இது, 8 கிராம்" என்றார். "அப்போ கேக் எங்கே?" என்றாராம் வாட்ச்மேன். கேக்கே கிடையாது, பலூனில் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

சரி, நரம்பு. 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் வலியில்லாமல் தன் பல்லையே பிடுங்க வைத்துக்கொண்டாரே, அதே நைட்ரஸ் ஆக்சைடுதான் இந்தச் சிரிப்பு வாயு. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கலந்து அளவாகக் கொடுப்பது வேறு. பலூன் பலூனாக இழுத்தால் உடம்பிலுள்ள வைட்டமின் பி12 செயலிழக்கும், நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை கெடும். முதலில் பாதம் மரத்துப்போகும், செருப்பு கழன்றது தெரியாது, கண்ணை மூடினால் தள்ளாடும். ரத்தத்தில் பி12 அளவு சரியாகவே காட்டலாம், ஏமாந்துவிடாதீர்கள். பி12 வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற ஹோமோசிஸ்டீனும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பி12 குறைவாக உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இழுப்பதை அடியோடு நிறுத்திவிட்டு பி12 ஊசி போட வேண்டும். தாமதித்தால் சிலருக்குப் பழைய நடை திரும்புவதே இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை அது.

சட்டத்துக்கு வருகிறேன். பிரிட்டன் 2023 நவம்பரில் இதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் மலையில் செக்போஸ்டில் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறோம், நல்லது, பிளாஸ்டிக் ஒழிய நானும் தொண்டை கிழியக் கத்தியவன்தான். பாட்டிலுக்காகத் திறக்கிற அதே டிக்கியில் குப்பிப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? குஞ்சப்பனைச் செக்போஸ்டில் ராத்திரியும் சோதனை வேண்டும், விளக்கு வேண்டும், பெண் காவலர் வேண்டும். பிள்ளைகளைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன், தலைவர் மணியைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்து போட்டவர்களுக்குத்தான் டீயும் வர்க்கியும்.