நஞ்சைத் தின்று வாழும் பொன்னிற லெமூர்

நண்பர்களே, வணக்கம்.

லெமூர்கள் மடகாஸ்கர் தீவுக்கே உரியவை. நம் ஊர்த் தேவாங்குக்கு அவை தூரத்துச் சொந்தம். 2020-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் கணக்குப் பார்த்தபோது, 107 லெமூர் இனங்களில் 103 ஆபத்தில் இருந்தன. அவற்றில் 33 அழிவின் விளிம்புக்கே வந்துவிட்டன. அந்த 33-இல் ஒன்றான பொன்னிற மூங்கில் லெமூரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1986 வரை இப்படி ஒரு விலங்கு இருப்பதே அறிவியல் உலகுக்குத் தெரியாது. அந்த ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் பட்ரீசியா ரைட், தென்கிழக்கு மடகாஸ்கரின் ரனோமஃபானா மழைக்காட்டுக்குப் போனார். அவர் தேடிப் போனது பெரிய மூங்கில் லெமூரை. அது அழிந்தே போய்விட்டதோ என்ற பயம் அப்போது இருந்தது. அது அங்கே உயிரோடு இருந்தது. கூடவே, யாரும் பதிவு செய்திராத இந்தப் பொன்னிற விலங்கும் கண்ணில் பட்டது. ஜெர்மன் ஆய்வாளர் பெர்ன்ஹார்ட் மையரும் அதே காட்டில் இதைப் பார்த்தார். 1987-இல் இது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது.

எடை சுமார் ஒன்றரைக் கிலோ. முகத்தைச் சுற்றிப் பொன்னிற ரோமம். சிறு குடும்பமாக வாழும். விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். பிறந்த குட்டியை முதல் சில நாட்கள் அடர்ந்த புதருக்குள் ஒளித்து வைத்துவிட்டுத் தாய் சாப்பிடப் போகும்.

அந்தச் சாப்பாடுதான் அதிசயம். ராட்சத மூங்கிலின் இளங்குருத்தும் இலையடியும்தான் இதன் பிரதான உணவு. அவற்றில் சயனைடு இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோமே, அது இந்த நஞ்சுக்குப் பயந்துதான். இந்த லெமூரோ நாளொன்றுக்கு அரைக் கிலோ மூங்கிலைப் பச்சையாகவே தின்கிறது. அதன் உடல் எடைக்கு உயிரைப் பறிக்கும் அளவைப் போல 12 மடங்கு சயனைடு அதில் இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே காட்டில் வாழும் பெரிய மூங்கில் லெமூர், முற்றிய மூங்கிலைப் பல்லால் பிளந்து உள்ளே இருக்கும் மென்மையான தண்டுச் சோற்றைத் தின்கிறது. ஒரே மூங்கில்தான், ஆனால் ஆளுக்கொரு பாகம். பந்தியில் சண்டையே இல்லை!

ஆனால் மூங்கில் போனால் இதற்கு வேறு போக்கிடம் கிடையாது. அங்கே மலைச்சரிவுக் காட்டை வெட்டி எரித்து நெல் விதைக்கும் வழக்கம் உண்டு; 'தவி' என்பார்கள். அதைச் செய்கிற தனாலா மக்களை வில்லன்களாக்கிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடத்தான் அவர்கள் எரிக்கிறார்கள். 1991-இல் ரனோமஃபானா தேசியப் பூங்கா உருவானபோது ரைட் அதைப் புரிந்துகொண்டு, சுற்றியுள்ள ஊர்களின் மருத்துவத்தையும் பள்ளியையும் சேர்த்தே திட்டமிட்டார். அந்த ஊர்க்காரர்கள் இன்று அங்கே வழிகாட்டிகளாகவும் ஆய்வு உதவியாளர்களாகவும் வேலை செய்கிறார்கள். காட்டைக் காப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இன்னொரு கவலை. தெற்கே ஆந்திரிங்கித்ரா பூங்காவிலும் இந்த லெமூர் இருக்கிறது. இரண்டு பூங்காக்களையும் ஒரு குறுகலான காட்டுப்பட்டை இணைக்கிறது. அது அறுந்தால் கூட்டங்கள் தனித்தனியாகச் சிக்கி, உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து நலிந்துபோகும். பூங்கா எல்லைக்குள் காட்டும் அக்கறையை, எல்லைக்கு வெளியே கிடக்கும் அந்தப் பட்டைக்கும் காட்டியாக வேண்டும்.